குண்டான் மூடி

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளைப் பற்றிய பக்கங்களைப் படித்துக் காட்ட வேண்டும். அது அபிகாயில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட விதி. மொத்தம் பதினான்கு பெண்கள். பதின்மூன்று பேருக்குப் படித்தாகிவிட்டது. இரண்டு பேர் நடுவில் தூங்கிப்போனார்கள். ஒருத்தி, 'பருமனான' என்ற சொல்லை எடுக்கச் சொன்னாள். எடுத்தாயிற்று.

மீதி ரூபா.

அபிகாயில் சித்தூரில் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவள். இப்போது முப்பத்தெட்டு வயது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கிறாள். சித்தூர், திருப்பதி பக்கத்து ஊர்களிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களைப் பற்றிப் பதினொரு வருடமாக ஆராய்ச்சி. அங்கே ஒரு வேலைக்காரியின் மதிப்பை அவள் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டும் அவள் நிறமும் எப்படித் தீர்மானிக்கின்றன என்பது புத்தகத்தின் முதல் கேள்வி. அந்த வீடுகளுக்குள் யார் யாரை விரும்பினார்கள் என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்குப் பதின்மூன்று பெண்கள் சிரித்தார்கள். ரூபா மட்டும் பதில் சொன்னாள்.

அந்தப் பதில்தான் நான்காம் அத்தியாயம். ஒரே வீட்டில் வேலை செய்த இரண்டு பெண்கள், ஒருத்தி இந்தியா, ஒருத்தி எத்தியோப்பியா. ஆறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே மெத்தையில் படுத்தார்கள். எஜமானி கண்டுபிடித்து எத்தியோப்பியப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டாள். இந்த அத்தியாயம்தான் புத்தகம், மற்றவை அதற்கு முன்னுரையும் பின்னுரையும் என்று பதிப்பாசிரியர் எழுதியிருந்தார். அபிகாயில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

புத்தகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதிக்காது. மாற்றுப் பெயரை ஆய்வாளர் வைப்பதுதான் வழக்கம். அபிகாயில் அந்தப் பெண்களையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். அதிகாரம் அவர்கள் கையில் இருக்கட்டும் என்று நினைத்தாள். ஏழு பேர் நடிகைகளின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ரூபா யோசிக்கவே இல்லை. அம்சவேணி என்றாள்.

எத்தியோப்பியப் பெண்ணின் பெயரை மட்டும் ரூபா கடைசிவரை சொல்லவில்லை. 'அந்த ஆப்பிரிக்காக்காரி' என்றே சொன்னாள். அந்த மௌனம் ஒருவகைப் பாதுகாப்பு என்று அபிகாயில் ஓர் அடிக்குறிப்பு எழுதினாள். ஹானா என்று தானே ஒரு பெயரும் வைத்தாள்.

திருத்தங்களை அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமை காலை அவள் ரூபாவின் வீட்டுக்குப் போனாள்.

வீடு, புத்தூரிலிருந்து நாராயணவனம் போகும் சாலையில், உள்ளே இரண்டு கிலோமீட்டர். ரூபாவின் கணவன் முனிரத்தினம் மாங்காய் டிராக்டரோடு ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வரிசையில் நின்றிருந்தான். முந்தாநாள் போனவன். முன்னறையில் ஓர் அம்மாள் தரையில் உட்கார்ந்து காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"எங்க வூட்டுக்காரரோட அக்கா," என்றாள் ரூபா. பிறகு அந்த அம்மாளிடம், "அண்ணி, மாட்டுக்குத் தண்ணி காட்டலியா?"

"காட்டியாச்சு."

"மேடம், வேற நாள் வரீங்களா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும் ரூபா. வேணும்னா நாம வெளியே போய் உட்காரலாம்."

"வெளிய வெயிலு," என்றாள் அந்த அம்மாள். "இங்கயே படி. நானும் குவைத் ரிட்டன்தான்."

அபிகாயில் ரூபாவைப் பார்த்தாள். அவங்க முன்னால படிக்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் மேடம்," என்றாள் ரூபா.

அபிகாயில் ஆங்கிலப் பக்கங்களைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வெள்ளிக்கிழமை. எஜமானி குடும்பத்தோடு கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தாள். சமையலறைத் தரையில் இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"வியாழக்கெழம," என்றாள் அந்த அம்மாள்.

அபிகாயில் நிறுத்தினாள்.

"வியாழக்கெழம சாயங்காலம்தான் கெளம்புவாங்க. வெள்ளிக்கெழம திரும்பி வந்துடுவாங்க. மேல படி."

ஹானா தன் ஊர்ப் பக்குவத்தில் புளித்த மாவில் பெரிய தோசை சுட்டாள். ஒரு பக்கம்தான் வெந்தது. ஒரே தட்டில் விரித்தாள். இருவரும் அந்தத் தட்டிலிருந்து சாப்பிட்டார்கள்.

"தட்டு இல்ல. குண்டான் மூடி." அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. "ஹானா யாரு?"

ரூபா டீ போடுவதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் வரவில்லை.

"உங்க பேரு என்னங்க்கா?" என்று அபிகாயில் கேட்டாள்.

"அம்சவேணி."

அபிகாயில் பக்கங்களை ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியவற்றை மறுபடி அடுக்கினாள். அந்த அம்மாள் ஒரு காம்பைக் கிள்ளி முறத்தில் போட்டாள்.

"புதன்கெழம கண்ணு செக்கப்புக்குத் திருப்பதி வரேன்," என்றாள். "நீ எங்க தங்குவே?"

அபிகாயில் சொன்னாள்.

பஸ் நிறுத்தம்வரை ரூபா கூட வந்தாள்.

"நீங்க கேட்டுக்கினே இருந்தீங்க மேடம்," என்றாள் ரூபா. "ஆசை இருந்துச்சா, அன்பு இருந்துச்சான்னு. மூணு தடவ லண்டன்லருந்து வந்தீங்க. நான் இருந்த வூட்ல ஒரு கெழவனும் நாலு பூனையும்தான். இன்னா சொல்றது?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்கலாம்."

"அப்படி சொன்னப்போ உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு."

"உங்க அண்ணி உங்ககிட்ட எப்போ சொன்னாங்க?"

"ஒருவாட்டி ஜொரத்துல. அப்புறம் சொல்லல. நானும் கேக்கல."

"சரி. அவங்க பேரையே ஏன் வெச்சீங்க?"

ரூபாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "கதை அவங்களது. வேற யார் பேரையாச்சும் வெச்சா பொய்யாயிடும் இல்ல?" என்றாள். பிறகு, "பேர் மாத்தணும்னு சொன்னீங்க. என் பேர மாத்திட்டேனே."

பஸ் வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் மொட்டைத் தலை, சந்தனம் காயாமல். அபிகாயில் நின்றுகொண்டே கணக்குப் போட்டாள். நான்காம் அத்தியாயத்தை எடுத்தால் ஐம்பத்திரண்டு பக்கம் போகும். முடிவுரையில் பாதி போகும். எடுக்காவிட்டால், தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத ஒரு பெண்ணின் வாழ்க்கை அவள் சொந்தப் பெயரிலேயே அச்சாகும்.

சித்தூர் வீட்டில் அவள் அப்பா அசரியா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார்.

"உன் புஸ்தகத்துல நம்ம சபைக்காரங்க யாராவது வர்றாங்களா?"

"இல்ல நைனா."

"நல்லது."

அபிகாயில் கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். "ஒருத்தி இன்னொருத்தியோட கதையை அவளோடதுன்னு சொல்லிட்டா."

"காப்பியடிச்சிருக்கா."

"ஆமா."

"ரெண்டு பேருக்கும் சைபர் போடு. காட்டினவளுக்கும் அடிச்சவளுக்கும்."

"காட்டினவளுக்கு, தான் காட்டினதே தெரியாது நைனா."

"அப்போ அவளுக்கு மார்க் உண்டு." அவர் சட்னியை வழித்துக்கொண்டார். "பேப்பர் திருத்தினது யாரு?"

"நான்தான்."

"கண்டுபிடிக்கலியா?"

"இல்ல."

"உங்களுக்கெல்லாம் சம்பளம் நல்லா குடுக்கறாங்க இல்ல?" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு அம்சவேணி திருப்பதியில் அபிகாயில் தங்கியிருந்த பல்கலைக்கழக விருந்தினர் விடுதிக்கு வந்தாள். தடவித் தடவிப் படி ஏறினாள்.

"கண்ணுல மருந்து ஊத்திட்டான். எல்லாம் வெள்ளையா கீது. நீ எங்க கீறே?"

"இங்க இருக்கேன்க்கா."

"அங்கயே இரு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அபிகாயில் நாற்காலியில். அபிகாயில் மன்னிப்புக் கேட்டாள். முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்த மன்னிப்பு. நீளமாக இருந்தது. அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று முடித்தாள்.

"எடுக்கச் சொன்னேனா?" என்றாள் அம்சவேணி. "தப்பா கீதுன்னுதான் சொன்னேன். ரெகார்டு பண்ற டப்பா எங்க?"

"கைப்பையில."

"ஆன் பண்ணு."

அபிகாயில் ஆன் செய்தாள்.

"அவ பேரு டிகிஸ்ட். அவ ஊர்ல இஸ்கூல் டீச்சர். இங்கிலீஷ் படிப்பா, எழுதுவா. நான் ஏழாங்கிளாஸ், தெலுங்கு மீடியம். அங்க எனக்கு அவளவிடச் சம்பளம் ஜாஸ்தி. ஏன்னு கேக்காதே, உனக்கே தெரியும், அதுக்குத்தானே புஸ்தகம் எழுதறே. தட்டு ரெண்டு. எனக்கு நீலம், அவளுக்குச் செவப்பு. மேடம் குடுத்தது. கழுவி வெக்கறப்போ ஒண்ணா அடுக்கக் கூடாது."

"அதனாலதான் மூடியில சாப்பிட்டீங்களா? மேடத்துக்குத் தெரியாம?"

"மேடம் வூட்லயே இல்லியே, அவளுக்கு இன்னா தெரியப்போகுது. அவ தட்டுல நான் துன்ன மாட்டேன். என் தட்டுல அவ கை வெச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். மூடி யாருதும் இல்ல. அதான்."

ஒரே தட்டைப் பற்றி அபிகாயில் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். இனத்தைக் கடந்த தோழமை என்று அதற்குத் தலைப்பு.

"அவங்க உங்களுக்கு ஊட்டினதா ரூபா சொன்னாங்க."

"அது அவங்க பழக்கம். ஒரு வாய் உருட்டி எதிர்ல கீறவங்க வாயில வெக்கணும். மொதல் தடவ வெச்சப்போ வெளிய போய்த் துப்பிட்டு வந்தேன்."

"ரெண்டாவது தடவை?"

"வாயத் தொறந்துக்கினேன்."

வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அம்சவேணி அது தீரும்வரை காத்திருந்தாள்.

"மெத்தையும் ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுலதான் படுத்தோம். மெத்தைக்கு மேடம் கலரு போடல."

"அதை நான் காதல்னு எழுதியிருக்கேன்."

"எழுதிக்கோ. நாங்க பேரு வெக்கல. எங்களுக்கு வேல முடிஞ்சா அது. அதுக்குத்தான் வேலய சீக்கிரம் முடிச்சோம்."

"மேடம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"கண்டுபிடிக்கல. நான் சொன்னேன்."

அபிகாயில் ரெகார்டரைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

"பசங்க பெருசாயிட்டாங்க, ஒருத்தி போதும்னு மேடம் சொன்னா. உங்க ரெண்டு பேருல யார வெச்சுக்கறதுன்னு எங்கிட்டயே கேட்டா. சமையலறையில. அவ மாடில துணி காயப்போட்டுக்கினு இருந்தா. நான் சொன்னேன், ராத்திரில அவ என் மெத்தைக்கு வரா மேடம்னு. கறுப்புக்காரிங்க அப்படித்தான் மேடம்னு."

அவள் தன் முன்கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். "என்னவிட அவ செவப்பு," என்றாள்.

"அப்புறம்?"

"மறுநாள் ஏர்போர்ட். பை எடுக்க வுடல. அவ ஸ்வெட்டர் இருந்துச்சு. நான் ரெண்டு வருஷம் போட்டுக்கினேன். குளிரு."

"ரூபாகிட்ட இதைச் சொல்லலியா?"

"ஜொரத்துலயும் எவ்ளோதான் சொல்றது?" பிறகு சொன்னாள்: "யாரு சொன்னதுன்னு டிகிஸ்ட்டுக்குத் தெரியாது. டிரைவர்னு நெனச்சுக்கினா. போறப்போ என்னப் பாத்து, ஜாக்கிரதை, அவன் உன்னயும் சொல்லிடுவான்னுட்டுப் போனா. இத நீ போடணும். அவ படிப்பா."

அபிகாயில் படிவத்தை எடுத்துத் தமிழில் விளக்கினாள். பெயரை மாற்றிவிடலாம், கன்னிகா என்று வைக்கலாம், கலைவாணி என்று வைக்கலாம், ஊரையும் மாற்றலாம் என்றாள்.

"கலைவாணி காட்டிக்குடுத்தான்னு படிச்சா அவளுக்கு இன்னா தெரியும்?"

"சொந்தப் பேரு போட எங்க குழு விடாதுக்கா. உங்க நல்லதுக்குத்தான். நாளைக்கு உங்க தம்பி படிச்சா?"

"அவன் சினிமா போஸ்டரையே கஷ்டப்பட்டுப் படிப்பான். படிச்சா படிக்கட்டும். அம்பது வயசுல என்ன எந்தப் பள்ளிக்கூடத்துலருந்து தொரத்துவான்?"

அபிகாயில் படிவத்தின் இரண்டாம் பத்தியை மறுபடி படித்தாள். பங்கேற்பவர் தாம் தேர்ந்தெடுக்கும் பெயரால் குறிப்பிடப்படுவார் என்று இருந்தது. அந்த வாக்கியம் அவள் எழுதியது. குழு ஒப்புக்கொண்டது.

"என்ன பேரைத் தேர்ந்தெடுக்கறீங்க?"

"அம்சவேணி."

"அந்தம்மா பேரை ஹானான்னே விடறேன். அவங்ககிட்ட நான் அனுமதி வாங்கல."

"அவளுக்கு அவளத் தெரியும். என்னத்தான் தெரியணும்."

அம்சவேணி தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள். கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே போனது. பிறகு கட்டிலில் சாய்ந்து தூங்கினாள்.

அபிகாயில் பதினொன்றரையிலிருந்து மூன்றரைவரை எழுதினாள். வெள்ளிக்கிழமையை வியாழக்கிழமை ஆக்கினாள். தட்டை மூடி ஆக்கினாள். தோழமையைப் பற்றிய மூன்று பக்கத்தையும் எடுத்தாள். கடைசிப் பகுதியைப் புதிதாக எழுதினாள். அம்சவேணி எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அபிகாயில் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

எஜமானி யாரை வைத்துக்கொள்வது என்று கேட்டது வந்தது. அம்சவேணி சொன்ன பதில் வந்தது. விமான நிலையமும், டிரைவர்தான் சொன்னான் என்று ஹானா நினைத்ததும், 'நான் சொன்னேன்' என்பதும் வந்தன. அதற்குப் பிறகு ஒரு பத்தி. கடவுச்சீட்டின்படி பெண்களுக்கு விலை வைக்கும் ஏற்பாட்டில், இரண்டு பேரில் ஒருத்திதான் மிஞ்ச முடியும் என்ற நிலையில், எஜமானியின் சமையலறையில் அம்சவேணிக்குக் கிடைத்த ஒரே மொழி எஜமானியின் மொழிதான். அந்தச் சொற்களை அவள் பேசவில்லை. அந்த ஏற்பாடு அவள் வழியாகப் பேசியது.

"இத யாரு சொன்னது?" என்றாள் அம்சவேணி.

"நான்."

"நான் சொல்லல."

"இல்ல. இது விளக்கம்."

"எடுத்துடு."

"இது பொய் இல்லக்கா. நீங்க தனியா செஞ்ச தப்பு இல்ல அது. அப்படி ஒரு நிலைமையில உங்கள வெச்சாங்க."

"பொய்னு சொன்னேனா? அவ இதப் படிப்பா. படிச்சுட்டு, பாவம், அம்சவேணி இன்னா பண்ணுவான்னு நெனப்பா. அவ அப்படித்தான், எதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் குடுப்பா. அவ திட்டணும். நீ நடுவுல நின்னுக்கினு அவ வாய மூடாதே."

"அந்தப் பத்தி இல்லேன்னா படிக்கறவங்க உங்களத் தப்பா நெனப்பாங்க."

"படிக்கறவங்க எனக்கு யாரு?"

அந்தப் பத்தியில் பதினொரு வரி. அபிகாயிலின் பதினொரு வருட வாதம் அதில் இருந்தது. அதை வேறு அத்தியாயத்துக்கு நகர்த்த முடியுமா என்று பார்த்தாள். மற்ற பதின்மூன்று பேருக்கும் அப்படி ஒன்று நடக்கவில்லை, அல்லது நடந்ததைச் சொல்லவில்லை. அவள் அழித்தாள். 'நான் சொன்னேன்' என்பதோடு பக்கம் முடிந்தது.

"அவங்க கைக்கு இது போகும்னு என்னால சொல்ல முடியாதுக்கா," என்றாள். "நானூறு காப்பிதான் போடுவாங்க. விலையும் ஜாஸ்தி. வாங்கறதே லைப்ரரிங்கதான்."

"அவ லைப்ரரிக்குப் போவா."

"எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. நீ போட்டு வை. படிக்கறது அவ இஷ்டம்."

அம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்துக்குக் கண் இன்னும் கூசிக்கொண்டிருந்தது.

"இப்போ இங்கிலீஷ்ல படி."

"உங்களுக்கு..."

"எனக்குத் தெரியாது. அவ அப்படித்தானே படிப்பா."

அபிகாயில் கடைசி ஒன்றரைப் பக்கத்தை ஆங்கிலத்தில் படித்தாள். வேகமில்லாமல் படித்தாள். அம்சவேணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் வரும் இடத்தில் எல்லாம் "ம்" என்றாள். நான்கு முறை வந்தது. நான்கு முறையும் சொன்னாள்.

பிறகு செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டாள். புத்தூருக்கு ஐந்து மணிக்கு ஒரு பஸ் இருந்தது.